நண்டின் இரண்டு பெரிய கால்களும்

வருகைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்கு மேலே பேனை அசையாமல் நின்றது. மிஸ்ஸியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். பெயர், கணவர் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரித் துண்டு எழுதுகிற வேகத்தில் எழுதிக்கொண்டு வந்தவர், ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். எங்கள் விடுதிக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே யோசிப்பதே இல்லை. கடல், விடுமுறை, ஊர் பார்க்க என்று எதையாவது கிறுக்கிவிட்டுக் கட்டிலைத் தேடிப் போய்விடுவார்கள். இவர் பேனையை மூடினார், திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, இதிலை சும்மா எண்டு எழுதலாமோ?” என்று கேட்டார்.

எழுதலாம் என்றேன். ஆனால் அறுபதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பெண், சேலை உடுத்து, ஒரேயொரு சின்னப் பையோடு யாழ்ப்பாண பஸ்ஸால் இறங்கி வந்து ‘சும்மா’ என்று எழுதுவது எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை. தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வுபெற்ற தாதி’ என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அதன்பிறகு அவரை வேறு எப்படியும் நான் அழைக்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர், குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூர். வாப்பா கடலுக்குப் போகிறவர், கைநாட்டு. உம்மாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் படித்த முதல் ஆள் நான். இக்கரையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய பெரிய வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். அதன் முன்மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கதைப்பதும் பதிவேட்டை நிரப்புவதும் என் வேலை. அறைக்கு எட்டுக் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லோருக்கும் ஒரே குசினி, ஒரே குளிர்சாதனப் பெட்டி. வாசலில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்புகள். அந்த மேசையை நான் ஓர் அரசாங்கக் கந்தோரைப் போலத்தான் நடத்தினேன். ஒரு கட்டமும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

அதனால்தான் கேட்டேன். “இங்க உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லயா மிஸ்ஸி?”

“லிங்கநகரிலை மச்சாள் இருக்கிறா. இவரின்ரை தங்கச்சி” என்றார். ‘இவர்’ என்றது இரண்டு வருடங்களுக்கு முன்பு காலமான அவருடைய கணவரை. சொன்ன வாயை மூடாமலே, “எனக்கு மேல் கட்டிலோ கீழ்க் கட்டிலோ?” என்று கதையை மாற்றினார்.

ஊரில் சொந்தம் இருக்க விடுதியில் படுப்பது எங்கள் ஆட்களிடம் சின்ன விடயமில்லை. தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் அது பகை அறிவிப்பது மாதிரி. அவருக்கும் மச்சாளுக்கும் ஏதோ சண்டை, அல்லது போய் நிற்க வெட்கம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கீழ்க் கட்டிலைத்தான் கொடுத்தேன். மேலே படுத்திருந்தது ஒரு ஜேர்மன் பெண். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம். இருவருக்கும் பொதுவான பாஷை அதிகமில்லை. என்றாலும் அரை மணித்தியாலத்துக்குள் அந்தப் பெண்ணின் குதிகால் வெடிப்பைப் பார்த்து, தேங்காயெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லிச் சைகையில் விளங்கப்படுத்திவிட்டார். பிறகு குசினிக்குள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தொட்டியில் கிடந்த, ஊரார் சோறு தின்ற கோப்பைகளையெல்லாம் மிஸ்ஸி கழுவிக்கொண்டு நிற்கிறார். யாரும் சொல்லவில்லை. அழுக்குக் கோப்பையைக் கண்டதும் கை தானாகப் போயிருக்கிறது. நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். ‘அவரவர் கோப்பையை அவரவரே கழுவவும்’ என்று நான் என் கையால் எழுதியது. அதை இரண்டு தரம் வாசித்தார். கையை உதறித் துடைத்துக்கொண்டு, “இந்தப் பேப்பரிலை ஒண்டு எழுதித் தாரும் தம்பி, என்ரை மகளின்ரை வீட்டுக் குசினியிலையும் ஒட்ட” என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பி வரும்போது, பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் மிஸ்ஸி இருப்பதைக் கண்டேன். சுவர்ப்பக்கக் கதிரை, முன்னே சோறும் கறியும். அக்கம்பக்கத்து மேசைகளில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்து, ஒரு கறியைத் தொட்டு நாக்கில் வைத்து, நிறுத்தி, அடுத்த கறியைத் தொட்டு, மிக மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஆளில்லாத ஊருல சோறு தொண்டையால இறங்காது மகன்” என்று வாப்பா சொல்வார். வயதான மனுஷிக்குச் சோறு இறங்காமல்தான் இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறா என்று நினைத்தேன்.

இப்போது நான் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். தனி அறை, தினமும் தனியாகத்தான் சாப்பாடு. ருசித்துச் சாப்பிடுகிறவரும் மெதுவாகத்தான் சாப்பிடுவார் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

விடுதி வாசலில் இடியப்பக்கார அக்கா நின்றுகொண்டிருந்தார். காலையில் கொண்டுவந்த தட்டுகளை எடுக்கவும், அடுத்த நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்கவும் தினமும் அந்த நேரத்துக்கு வருவார். அவர் வீடு லிங்கநகர். நான் மனமறிந்துதான் சொன்னேன்: “அக்கா, யாழ்ப்பாணத்தால ஒரு மிஸ்ஸி வந்திரிக்கா. உங்கட பக்கம் அவக்கு மச்சாள் ஒருத்தர் இரிக்காவாம். பாவம், கடையில தனிய இருந்து சாப்பிடுறா.” அக்கா பெயரைக் கேட்டார், மிஸ்ஸியின் கணவர் பெயரையும் கேட்டார். பதிவேட்டைப் பார்த்து இரண்டையும் சொன்னேன். ஒரு கட்டமும் வெறுமையாகக் கிடக்கவில்லையே!

மிஸ்ஸி திரும்பி வரும்போது கையில் ஒரு சட்டி கிண்ணியா எருமைத் தயிர். இனிப்புப் பாணி விட்டு அந்த ஜேர்மன் பெண்ணுக்கும் எனக்கும் தந்து, தானும் கூடத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. மீன்கடைப் பக்கம் போனதையும், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றதையும் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் மூன்று தரம் அம்புலன்ஸில் நோயாளியோடு இந்த ஊருக்கு வந்திருக்கிறாராம். ஒரு தரமாவது கடல் கண்ணில் படவில்லையாம். “சேலைன் போத்தலைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ களவு சொல்கிற மாதிரிச் சொன்னார்: “ஆறரைக்கு ஒரு நண்டுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்.”

துறைமுகக் கரையில் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், எங்களுக்கெல்லாம் நானா, சின்னக் கடை வைத்திருந்தார். நாலே நாலு மேசை. களப்பு நண்டுக்குப் பேர்போன இடம். அங்கேதான் சொல்லியிருந்தார்.

“வெள்ளிக்கிழமையிலயா மிஸ்ஸி?” என்றேன்.

“ஓம். வீட்டிலை எண்டால் சைவம். இஞ்சை ஆர் கண்டது?”

பிறகுதான் விளக்கினார். “தம்பி, ஒரு நண்டுக்குப் பெரிய கால் ரெண்டு. எங்கட வீட்டிலை ஒண்டு இவருக்கு, மற்றது மகளுக்கு. இவர் போனாப் பிறகு அது மருமகனுக்கு. உடைச்சுக் குடுக்கிறது நான். முப்பத்தைஞ்சு வருசமா நண்டு சமைக்கிறன், அந்தக் காலின்ரை சதை என்ன ருசி எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருத்தரும் தரமாட்டம் எண்டதில்லை. கேட்டால் தருவினம். தந்துபோட்டு, நான் தின்னுமட்டும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருப்பினம்.” பாணி ஒட்டிய விரலைத் துடைத்தார். “ஆக்களோடை இருந்து சாப்பிட்டால் என்ரை கண் அவையின்ரை கோப்பையிலைதான் நிக்கும். சோறு காணுமோ, கறி காணுமோ எண்டு. அதுதான் ஒரு நாள் தனிய வருவம் எண்டு வெளிக்கிட்டன். மகளுக்கு மச்சாள் வீட்டை போறன் எண்டு சொன்னனான். மச்சாளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. இந்த வயதிலை பொய்யைப் பாரும்!”

தயிரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு சாட்டுச் சொல்லி வெளியே போய், இடியப்பக்கார அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அது நான் அப்பவே போய்ச் சொல்லிப்போட்டன் தம்பி!” என்றார் அவர். “அந்த மனிசி அழாத குறை. பின்னேரம் வாகனத்தோடை வருகினம். நல்ல காரியம் செய்தனீர், புண்ணியம் கிடைக்கும்.”

மிஸ்ஸியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் நேரத்தோடு கடைக்குப் போயிருப்பார். வெளியே எங்காவது நின்றிருப்பார். இரண்டு தரம் அவர் இருந்த அறை வாசல் வரைக்கும் போனேன். அவர்கள் வராமலும் விடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன். தகவல் சொல்லக் காட்டிய அவசரம், தப்பைச் சொல்ல வரவில்லை.

ஐந்தரைக்கு மிஸ்ஸி குளித்து, மாற்றுச் சேலை உடுத்து, கூடத்துக்கு வந்தார். அந்த நேரம்தான் வாசலில் வான் வந்து நின்றது. மச்சாள் இறங்கினார். பருத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, மூச்சு வாங்க வாங்க வந்தார். பின்னால் அவருடைய புருஷன்.

“அண்ணி! நாங்கள் என்ன செத்தே போனம்?”

ஜேர்மன் பெண் காதில் இருந்த கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

“கண்டவன் நிண்டவன் படுக்கிற கட்டிலிலை நீங்கள் படுக்கிறதோ? அண்ணன் இருந்தால் என்னை என்ன கேப்பார்? உங்கட பிள்ளைக்குப் போன் எடுத்தன். அம்மா உங்களிட்டையெல்லே மாமி வந்தவ எண்டுறாள். நான் என்னத்தைச் சொல்லுறது? அம்மா குளிக்கிறா பிள்ளை எண்டு சொன்னன். உங்களுக்காக நான் பொய் சொன்னனான் அண்ணி!”

“நாளைக்கு வாறன்” என்றார் மிஸ்ஸி. “இண்டைக்கு எனக்கொரு அலுவல் கிடக்கு.”

“என்ன அலுவல்?”

மிஸ்ஸி அந்தத் திருநீற்றைப் பார்த்தார்.

“பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைச்சுப்போட்டு வந்தனான். உங்களுக்குப் பிடிக்கும் எண்டு” என்று சொல்லும்போது மச்சாளின் குரல் உடைந்தது. நடிப்பில்லை. அண்ணன் செத்த பிறகு அண்ணி தன்னை விட்டுவிட்டா என்ற பயம் அந்த அழுகையில் இருந்தது. எனக்கே விளங்கியது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மிஸ்ஸியின் கை தானாக எழுந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. நாடியைப் பார்த்தபடி, “பிரஷர்க் குளிசை போட்டனீரோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு மிஸ்ஸி திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

“உமக்கு ஆர் சொன்னது, நான் இஞ்சை எண்டு?” என்று மச்சாளைக் கேட்டார்.

“நான்தான் மிஸ்ஸி” என்றேன். “இடியப்பக்கார அக்காட்டச் சொன்ன நான். நீங்க தனிய…”

கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நல்லதுக்குத்தானே சொன்னீர்” என்றார், அவ்வளவுதான். மச்சாளின் புருஷன் பையை எடுக்கக் குனிந்தார். மிஸ்ஸி மறித்தார். “பாக் இஞ்சை கிடக்கட்டும். காலமை பஸ்ஸுக்குப் போகேக்கை வந்து எடுக்கிறன்.” வான் போனபிறகுதான் யோசித்தேன். ஒரு கையால் தூக்கக்கூடிய பை அது. அதை ஏன் விட்டுப்போனார்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். மேசையொன்றைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்.

“எங்கடா உன்ட மிஸ்ஸி? நண்டு இன்னும் கட்டினபடிதான் இரிக்கு. வந்து இருந்த பிறகுதான் சட்டில போடுறண்டு சொன்ன நான்.”

“அவ இண்டைக்கு வரமாட்டா நானா. நாளைக்குக் காலையில மட்டும் அத வைச்சிரிக்க ஏலுமா?”

“ஏன், உங்கட ஹொஸ்டல்ல நண்டுக்கும் ஒரு கட்டில் குடன்!” கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவர் குரலை மாற்றினார். “ஈரச் சாக்குல கிடந்தா விடியுமட்டும் சாகாது. ஆனா அவ வராட்டி நீதான் தின்னணும், சரியா?”

அடுத்த நாள் காலை ஆறரைக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. மிஸ்ஸி மட்டும் இறங்கினார். பஸ் எட்டரைக்கு. மச்சாளின் மகன் வானில் கொண்டுவந்து விடுகிறேன் என்றானாம். நித்திரை கொள்ளடா என்று சொல்லிவிட்டு வந்தாராம். “கத்தரிக்காய் பிடிச்சது இவருக்கு, எனக்கில்லை” என்றார் நான் கேட்காமலே. “அவளுக்கு அது மறந்துபோச்சு. நானும் சொல்லேல்லை. மூண்டு தரம் போட்டுத் தந்தாள், பாவம்.”

பையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, “மிஸ்ஸி, அந்த நண்டு இன்னும் உசிரோட இரிக்கு” என்றேன்.

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, கோப்பை கழுவிய நேரம் சிரித்த அதே சிரிப்பு. “வெள்ளிக்கிழமை பாவம் செய்ய எண்டு வந்தனான் தம்பி. அம்மாளாச்சி அதைச் சனிக்கிழமையாக்கி விட்டிட்டா!”

கடைக்குப் போனோம். கடல் பக்கம் பார்த்த மேசையில் நானா நண்டை முருங்கையிலை போட்டுச் சமைத்துச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்; பக்கத்தில் சுடச்சுடப் பிட்டு. “தம்பி, நீரும்…” என்று பழக்கத்தில் தொடங்கிய மிஸ்ஸி பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் அந்தக் கண்ணுக்கு இன்னொரு கோப்பையாக இருக்க விரும்பவில்லை. வெளியே வந்து, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வள்ளங்களைப் பார்த்தபடி மதில்கட்டில் இருந்தேன். முதல் கால் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

விடுதித் தொலைபேசி என் கையில்தான் இருந்தது. ஏழேகாலுக்கு அது அடித்தது. மச்சாள்.

“தம்பி, அண்ணி அங்கை வந்தவவோ? போன் எடுக்கிறா இல்லை.”

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. “படிச்ச புள்ள, பொய் வராது” என்று என்னைப் பற்றி வாப்பா கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். “ஓம் அக்கா, வந்த” என்றேன். “பாக்குட சிப் பிடிச்சிட்டுது. திறக்க ஏலாமக் கிடக்கு. அதோட மல்லுக்கட்டுறா.”

பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அடித்தது. “இன்னும் திறபடேல்லையோ? நான் பொடியனைக் குறடோடை அனுப்பட்டே? வழிக்குச் சாப்பாடும் கட்டி வைச்சிருக்கிறன், மறந்துபோய் விட்டிட்டுப் போட்டா.”

உள்ளே இரண்டாவது கால் உடைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“வேணாம் அக்கா. அப்பவே திறந்த. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. நான்தான் ஏத்திவிட்ட நான்.”

“நல்ல இடம் கிடைச்சதோ இருக்க? யன்னல் பக்கமோ?”

“ஓம் அக்கா. யன்னல் பக்கம்தான்.”

“நீர் நல்ல பிள்ளை தம்பி” என்று வைத்துவிட்டார். அந்த வார்த்தை நெடுநேரம் குத்தியது. அவருக்கும் நான் குற்றம் செய்தவன்தானே. இருந்தும், அதைப் போல மனமறிந்து நான் வேறொன்றும் செய்ததில்லை.

எட்டு மணி தாண்டித்தான் மிஸ்ஸி எழுந்தார். மேசையில் ஓட்டுக் குவியல். சட்டியில் ஒரு துளி குழம்பில்லை. நானா தண்ணீரும் பாதித் தேசிக்காயும் கொண்டுவந்தார். “இதால தேய்ச்சுக் கழுவுங்க மிஸ்ஸி, மணம் போயிடும். பஸ்ல போற ஆள்.”

மிஸ்ஸி தண்ணீரில் மட்டும் கையைக் கழுவினார். விரல்களை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தேசிக்காயை நானாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

“வேண்டாம். யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் கிடக்கட்டும்.”

பஸ் நிலையத்தில் பையை நான் ஏற்றி வைத்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வலது கையைச் சேலையிலும் படாமல், ஒருவரிலும் முட்டாமல், கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்.